செவ்வணிலுக்கு வந்த குடல் நோய்

வேல்ஸ் தேசத்தின் வடமேற்கே மெனாய் ஜலசந்தியால் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் ஆங்கிள்சித் தீவிலும், இங்கிலாந்தின் வட எல்லையை ஒட்டிய பைன் மரக் காடுகளிலும், ஸ்காட்லாந்தின் மலைச் சரிவுகளிலும் காலை வேளையில் உலாவப் போகிறவர்கள், எப்போதாவது ஒரு செவ்வணில் மரத்தடியில் செத்துக் கிடப்பதைக் காண்பதுண்டு. நாய் கவ்விய தடம் இராது. மோட்டார் வண்டியில் அடிபட்ட அடையாளம் இராது. பட்டினியால் உடல் வற்றியிருக்குமோ என்று பார்த்தால் அதுவும் இராது. ரோமம் பளபளவென்று இருக்கும். காது நுனியிலுள்ள மயிர்க் குஞ்சம் கலையாதிருக்கும். முதல் நாள் மாலை வரையில் கிளைக்குக் கிளை தாவிக் கொண்டிருந்த பிராணி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். கூர்ந்து நோக்குகிறவர் கண்ணுக்கு மட்டும் வாலின் அடியிலுள்ள ரோமம் சற்றே நனைந்து, அழுக்கேறி, ஒட்டிக் கொண்டிருப்பது தென்படலாம். சில உடல்களில் அந்தச் சிறு தடயமும் இருப்பதில்லை.

இவ்விதம் மாள்கிற செவ்வணில்களில் ஒரு பகுதி, குடலைத் தாக்கும் அடினோ வைரஸ் என்னும் கிருமிக்குப் பலியானவை என்பது சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் தெரிய வந்தது. அதற்குப் பிறகு பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆராய்ச்சிகளைப் படித்துக் கொண்டு போகும்போது, ஒரு விஷயம் மறுபடியும் மறுபடியும் எதிர்ப்பட்டு என் மனத்தை உறுத்திற்று. மனிதர்கள் துப்பாக்கியுடன் சென்ற இடங்களிலல்ல, இரக்கத்துடன் சென்ற இடங்களிலேயே இந்த வியாதி அதிகமாய்க் கண்ணில் பட்டிருக்கிறது. அணில்களைக் காப்பாற்ற வேண்டுமென்று கூண்டில் வைத்துப் பெருக்கிய இடங்களிலும், ஒரு காட்டில் பிடித்து இன்னொரு காட்டில் கொண்டுபோய் விட்ட இடங்களிலும் அது தலைகாட்டியிருக்கிறது. அன்பு செய்வதற்கும் ஒரு சுத்தமும் கிரமமும் வேண்டும் என்பதை இத்தனை தெளிவாக எடுத்துக் காட்டுகிற வேறு வன விலங்கு வியாதியை நான் அறியேன்.

செவ்வணிலை நம் தோட்டத்து அணிலைப் போல மனத்தில் உருவகப்படுத்திக் கொள்ளலாகாது. முதுகில் மூன்று கோடுகள் இல்லை. செங்கல் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரையில் மாறுபடும் மேனியும், வெண்மையான வயிறும், உடலின் நீளத்துக்குச் சற்றே குறைந்த அடர்ந்த வாலும் உடையது. ஏறக்குறைய 300 கிராம் எடை. பனிக்காலத்தில் காதின் மேல் நீண்ட குஞ்சங்கள் வளர்ந்து நிற்கும். மேற்கே அயர்லாந்து தொடங்கிக் கிழக்கே ஜப்பானின் ஹொக்கைடோத் தீவு வரையில் பரந்திருக்கும் காடுகளெல்லாம் அதன் வாசஸ்தலம். அது ஆகாரம் புசிக்கும் அழகைப் பார்க்க வேண்டும். பைன் மரத்துக் காயை இரு முன்னங்கைகளாலும் பற்றிக்கொண்டு, அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி, செதில் செதிலாகக் கடித்துத் தள்ளி, ஒவ்வொரு செதிலின் அடியிலும் ஒளிந்திருக்கும் சிறு விதையை எடுத்துக்கொண்டு, காயைத் திருப்பித் திருப்பிச் சுற்றிக்கொண்டே நுனி வரை போய்விடும். கடைசியில் கீழே விழுவது வெறும் தண்டுதான். மரத்தடியில் இவ்விதமான தண்டுகள் சிதறிக் கிடந்தால், மேலே அணில் குடியிருக்கிறது என்று காட்டுக் காவலர்கள் நிச்சயித்துக் கொள்வார்கள். குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்கும் வழக்கமும் அதற்கு இல்லை. பனி கொட்டுகிற நாளிலும் இரை தேடி வெளியே வந்தாக வேண்டும். ஆதலால் அதன் ஜீவனம் எப்பொழுதும் விளிம்பில் நடக்கிற ஜீவனம். இரண்டு நாள் வயிறு சரியாக வேலை செய்யாவிட்டால், அந்தக் குளிரில் அதனால் தாங்க முடியாது.

இந்தப் பிராணிக்குப் பிரிட்டனில் ஏற்பட்ட ஆபத்தின் கதை பிரசித்தமானது. ஆயினும் குடல் நோயைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். 1876-ல் செஷயர் பிரதேசத்திலுள்ள ஹென்பரிப் பூங்காவில், வட அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட சாம்பல் அணில்கள் வேடிக்கைக்காக விடப்பட்டன. 1890 முதல் பெட்போர்டு பிரபுவின் வோபர்ன் தோட்டத்திலும் அவை வளர்க்கப்பட்டு, அங்கிருந்து பல இடங்களுக்கு அன்பளிப்பாகச் சென்றன. 1911-ல் அயர்லாந்தின் லாங்போர்டு பிரதேசத்துக்கும் போய்ச் சேர்ந்தன. சாம்பல் அணில் செவ்வணிலைப் போல ஏறக்குறைய இருமடங்கு எடையுள்ளது. ஓக் மரத்துக் கொட்டையைச் செவ்வணிலைவிட நன்றாகச் சீரணித்துக் கொள்ளக் கூடியது. ஆதலால் அகன்ற இலை மரங்கள் நிறைந்த தாழ்நிலக் காடுகளில் அது விருத்தியடைய, செவ்வணில் க்ஷீணித்துக் கொண்டே வந்தது. 1953 முதல் 1958 வரையில் சாம்பல் அணிலின் வால் ஒன்றுக்குத் தொடக்கத்தில் ஒரு ஷில்லிங் வீதம் அரசாங்கம் வெகுமதி கொடுத்துப் பார்த்தது. பயனில்லை என்று கண்டு நிறுத்திவிட்டது. 2018-ல் வெளியான மதிப்பீட்டின்படி கிரேட் பிரிட்டனில் சாம்பல் அணில்கள் 27 லட்சம், செவ்வணில்கள் 2,87,000. அந்தச் செவ்வணில்களிலும் 2,39,000 ஸ்காட்லாந்தில் இருக்க, இங்கிலாந்துக்கு எஞ்சியவை 38,900, வேல்ஸுக்கு 9,200.

இரைக்கும் இடத்துக்கும் நடந்த போட்டி மாத்திரமே இந்த அழிவுக்குக் காரணம் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பின்னர்தான் அணில் அம்மை வெளிச்சத்துக்கு வந்தது. அது ஒரு வைரஸ் வியாதி. சாம்பல் அணில்கள் அதைத் தம் உடலில் சுமந்து திரிந்தாலும் சாதாரணமாக நோய்வாய்ப்படுவதில்லை. செவ்வணிலுக்குத் தொற்றினாலோ கண்ணிமையிலும் உதட்டிலும் விரல்களிலும் புண் வெடித்து, கண் மூடிப்போய், இரண்டு வாரங்களுக்குள் அநேகமாக மரணம் நிச்சயம். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பார்வைக்கு ஆரோக்கியமாயிருந்த சாம்பல் அணில்களில் நூற்றுக்கு 61 அந்தக் கிருமியுடன் முன்பே பழகியவை என்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அம்மை உள்ள பிரதேசங்களில் செவ்வணில்களின் இடத்தைச் சாம்பல் அணில்கள் பிடித்துக் கொள்ளும் வேகம், அம்மை இல்லாத பிரதேசங்களைவிட 17 முதல் 25 மடங்கு அதிகம் என்று 2006-ல் கணக்கிட்டார்கள். 2008-ல் லிவர்பூலுக்கு வடக்கேயுள்ள பார்ம்பி கடற்கரைக் காட்டில் ஐந்தில் நான்கு பங்குச் செவ்வணில்கள் அம்மையில் மாண்டன. இத்தனை பயங்கரமான, இத்தனை வெளிப்படையான ஒரு நோய் கண்முன்னே நிற்கும்போது, புண்ணும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் வயிற்றுக்குள் நடக்கிற நாசத்தை யார் கவனிப்பார்கள்? உண்மையில் வெகுகாலம் ஒருவரும் கவனிக்கவில்லை.

கவனிக்கச் செய்தது தெட்போர்டுக் காட்டில் நடந்த ஒரு சம்பவம். நார்போக், சபோக் என்னும் இரு பிரதேசங்களின் எல்லையில், 1922 முதல் நட்டு வளர்க்கப்பட்ட மிகப் பரந்த பைன் காடு அது. தாழ்நில இங்கிலாந்தில் செவ்வணில்கள் கடைசியாக ஒண்டிக் கொண்டிருந்த சில இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே அவற்றின் குலம் அற்றுப் போகாமல் இருக்க வேண்டுமென்று, 1990-களில், வேறு காடுகளில் பிடித்த செவ்வணில்களைக் கொண்டு வந்து விடும் முயற்சியை மேற்கொண்டார்கள். கொண்டு வந்த அணில்களில் சில, வயிற்றுப்போக்குக் கண்டு இறந்தன. லண்டன் விலங்கியல் சங்கத்தைச் சேர்ந்த மிருக வைத்தியர் ஆன்டனி செயின்ஸ்பரியும் அவருடைய சகாக்களும் அந்த உடல்களை அறுத்துப் பரிசோதித்தபோது, மண்ணீரலிலும் வியாதியின் குறிகளைக் கண்டார்கள். அதுவரையில் செவ்வணிலிடத்தில் ஒருவரும் கண்டறியாத ஒரு புதிய அடினோ வைரஸையும் பிரித்தெடுத்தார்கள். 2001-ல் அந்த ஆராய்ச்சி முடிவு பிரசுரமாயிற்று. காப்பாற்றுவதற்காகத் தூக்கி வரப்பட்ட பிராணியின் உடலில்தான் இந்த வியாதி முதன்முதலாக அடையாளம் கண்டுகொள்ளப்பட்டது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

அடினோ வைரஸ் என்பது ஒரு தனிக் கிருமியின் பெயரன்று. ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். 1953-ல் அமெரிக்காவில், மனிதக் குழந்தைகளின் தொண்டையிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட சதைத் துணுக்குகளை வளர்த்துப் பார்த்தபோது அந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினர் வெளிப்பட்டது. பின்னர் மாடு, நாய், குதிரை, கோழி என்று பற்பல ஜீவராசிகளிடத்தும் அதன் கிளைகள் காணப்பட்டன. மனிதர்களுக்குச் சளியும் கண்வலியும் உண்டாக்குகிற வகைகள் உண்டு. சிசுக்களுக்குப் பேதியை உண்டாக்குகிற, 40, 41 என்று இலக்கமிடப்பட்ட இரண்டு வகைகளும் உண்டு. நாய்க்குட்டிகளின் ஈரலைத் தாக்கிக் கொல்கிற வகையும் ஒன்றுண்டு, அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. அளவோ மிகச் சிறிது: ஒரு மில்லிமீட்டரில் பன்னீராயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். இருபது முக்கோண முகங்கள் கொண்டு, பட்டை தீட்டிய இரத்தினம் போல் ஒழுங்காக அமைந்த புரதக் கூடு ஒன்று. அதற்குள்ளே இரட்டை இழையாக மரபுப் பொருள். பல வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பாலான ஒரு மெல்லிய போர்வை இருக்கும். சோப்பு அந்தப் போர்வையைக் கரைத்துவிட்டால் கிருமி செயலற்றுப் போகும். அடினோ வைரஸுக்கு அந்தப் போர்வையே கிடையாது. ஆதலால் சாதாரண சோப்பு நீருக்கு அது அஞ்சுவதில்லை. உடலுக்கு வெளியே, மலத்தின் மீதும் மரப்பலகையின் மீதும், நெடுநாள் உயிர்ப்புக் கெடாமல் காத்திருக்க வல்லது.

நோய் கொண்ட அணிலின் எச்சம் பட்ட விதையையோ கொட்டையையோ இன்னோர் அணில் எடுத்து வாயில் வைக்கும்போது, கிருமி அதன் வயிற்றுக்குள் இறங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் ஆகாரத்தின் சாரத்தை உறிஞ்சுகிற உயிரணுக்களுக்குள் புகுந்து, அவற்றின் கருவுக்குள்ளேயே உட்கார்ந்து, தன்னைப் போல ஆயிரக்கணக்கில் உண்டாக்கிக் கொள்கிறது. உயிரணு வெடித்து உதிர்கிறது. உள்ளேயிருந்து புறப்பட்ட புதிய கிருமிகள் அடுத்த உயிரணுவை நாடுகின்றன. உறிஞ்சும் பரப்பு குறையக் குறைய, உண்ட ஆகாரம் சாரமாகாமல் நீர்த்துக் கீழிறங்குகிறது. உடலின் நீரும் உப்பும் அதனுடன் போகின்றன. 300 கிராம் எடையுள்ள ஒரு பிராணியிடம் இழப்பதற்கு எவ்வளவு நீர் இருக்கப் போகிறது? மனிதனானால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்துப் பிழைத்துக் கொள்வான். அணிலுக்கு அந்த அவகாசமே வாய்ப்பதில்லை. உடல் மெலிவதற்குக் கூட நேரமில்லாமல் அது இறந்து போவதனால்தான், மரத்தடியில் கிடக்கும் உடல் அத்தனை செழிப்பாய்த் தோன்றுகிறது.

இந்த மரணத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதான காரியமன்று. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அம்மையில் இறந்த அணிலைப் புகைப்படத்தில் பார்த்தே அநுபவஸ்தர் சொல்லிவிடுவார். குடல் நோயில் இறந்ததையோ, யாராவது எடுத்துக் கவனமாகப் பொதிந்து பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினால்தான் உண்டு. அங்கே முதலில் எடை பார்த்து, இமை, உதடு, விரலிடுக்கு ஆகியவற்றில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, வயிற்றைத் திறக்கிறார்கள். துரதிர்ஷ்டம் என்னவென்றால், உயிர் பிரிந்த பிறகு உடலில் முதன்முதலாகக் கெடுகிற உறுப்புகளில் குடலும் ஒன்று. சில மணி நேரத்துக்குள் அதன் உட்சுவர் கரைந்து குழைந்து போய்விடும்; நோய் உயிரணுவுக்குள் விட்டுச் சென்ற அடையாளங்களும் அத்துடன் அழிந்துவிடும். கொலை நடந்த அறையே இடிந்து விழுந்தாற் போல ஆகிவிடுகிறது.

அப்போது கைகொடுப்பது எலெக்ட்ரான் நுண்ணோக்கி. குடலிலுள்ள பொருளில் ஒரு துளியளவு எடுத்து, நீரில் கலக்கி, அதைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு செப்பு வலையின் மீது வைத்து, கன உலோக உப்புக் கரைசலால் நனைத்து, அதிகமான நீரை ஒற்றி எடுத்துவிட்டுக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிய அந்தப் பிம்பத்தில் கறுத்த பின்னணியில் வெளிறிய அறுகோணங்கள் தென்படுமானால், அவை அடினோ வைரஸ்கள். இங்கிலாந்தின் வேபிரிட்ஜ் நகரத்து அரசாங்கக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் எவரெஸ்ட் என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இவ்விதமாக ஆண்டுக்கணக்கில், நாட்டின் நாலா திசையிலிருந்தும் வந்த அணில் உடல்களைப் பரிசோதித்து வந்திருக்கிறார்கள். கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறை பின்னர் வந்தது. அது நுட்பமானது, மண்ணீரலில் மிகச் சொற்பமாக இருக்கும் கிருமியையும் காட்டிவிடும். ஆனால் அதனால் ஒரு புதிய சிக்கலும் எழுந்தது. விபத்தில் இறந்த ஆரோக்கியமான அணில்கள் சிலவற்றின் உடலிலும் அந்தக் கிருமி இருக்கக் கண்டார்கள்! கிருமி இருப்பது வேறு, கிருமியால் இறப்பது வேறு என்று இங்கே மிகவும் ஜாக்கிரதையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் உடலில் அடங்கிக் கிடக்கும் கிருமி எப்போது நோயாக வெடிக்கிறது? இங்கேதான் நான் முதலில் குறிப்பிட்ட விஷயத்துக்கு வந்து சேர்கிறோம். ஆங்கிள்சித் தீவில் 1990-களின் இறுதியில் செவ்வணில்கள் நாற்பதுக்குள் அடங்கும் நிலைமைக்கு வந்துவிட்டன. 1998-ல் அங்கே சாம்பல் அணில்களை அப்புறப்படுத்தும் வேலை தொடங்கிற்று. பாங்கர் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரெய்க் ஷட்டில்வொர்த்தும் உள்ளூர்வாசிகளும் வருஷக் கணக்கில் விடாது பாடுபட்டதன் பலனாகத் தீவு முழுவதும் சாம்பல் அணில் இல்லாததாயிற்று. செவ்வணில்கள் பல நூறாகப் பெருகின. இது வன விலங்குப் பாதுகாப்பின் சரித்திரத்தில் மெச்சத்தக்க ஒரு சாதனை என்பதில் சந்தேகமில்லை. அங்கே நியூபரோக் காட்டில் கூண்டுகளில் வளர்க்கப்பட்ட அணில்களை 2004 முதல் விடுவித்து வந்தார்கள். ஆனால் அந்தத் தீவிலும் அடினோ வைரஸால் செவ்வணில்கள் மாண்டன. பிரிட்டனில் செவ்வணில்களைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்யும் வேறு இடங்களிலும், ஜெர்மனியில் கூண்டில் வளர்ந்த அணில்களிடத்திலும் இதே வியாதி கண்டது.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. சுபாவத்தில் செவ்வணில் தனித்து வாழ்கிற பிராணி. ஒரு காட்டின் பல ஏக்கர்களில் ஒன்றிரண்டாகப் பிரிந்து திரிவது. அதன் எச்சம் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்து, மழையிலும் மண்ணிலும் கலந்துவிடும். அதையே வலைக் கூண்டில் நாலைந்தாகச் சேர்த்து வைத்தால், ஒன்றின் எச்சத்தை மற்றொன்று மிதிக்காமல் இருக்க முடியாது. பிடிபடுவதும், பெட்டியில் அடைபட்டுப் பிரயாணம் செய்வதும், தெரியாத காட்டில் இறக்கிவிடப்படுவதும் அதன் தேகத்தைக் கலக்கி, நோய் எதிர்க்கும் சக்தியைக் குறைத்து விடுகின்றன. இவையெல்லாம் சேர்ந்து, அடங்கிக் கிடந்த கிருமிக்கு நல்ல சந்தர்ப்பத்தைக் கொடுக்கின்றன.

கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சாம்பல் அணிலைக் கைகாட்டிவிட்டுப் போவது சுலபம். அம்மையின் விஷயத்தில் அது நியாயமும் கூட. அடினோ வைரஸ் சாம்பல் அணில்களிடத்திலும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் சாம்பல் அணில் அடியெடுத்து வைக்காத இடங்களிலும் செவ்வணில்கள் இந்த வியாதியால் இறந்திருக்கின்றன. மேலும், கூண்டுகளுக்குள் சிந்திய தானியத்தைத் தின்ன நுழைகிற காட்டுச் சுண்டெலிகளின் உடலிலும் இவ்வகைக் கிருமி, அவற்றுக்கு எவ்வித உபத்திரவமும் செய்யாமல் குடியிருப்பது தெரிந்திருக்கிறது. ஆகையால் சாம்பல் அணிலை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுடன் நான் உடன்பட மாட்டேன். அது அவசியமாக இருக்கலாம், அதுவே போதுமானதன்று.

இப்போது தீனிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் செவ்வணில் உள்ள ஊர்களில் பல வீடுகளின் தோட்டத்து மரத்தில் ஒரு மரப்பெட்டி ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கும். முன்பக்கம் கண்ணாடி, மேலே கீல் வைத்த மூடி, பெட்டிக்கு முன்னால் உட்கார ஒரு சிறு பலகை. அணில் அந்தப் பலகையில் உட்கார்ந்து, நெற்றியால் மூடியை முட்டித் தூக்கி, தலையை உள்ளே விட்டு ஒரு கொட்டையை எடுத்துக் கொண்டு, மூடி விழ, அங்கேயே உட்கார்ந்து தின்னும். ஜன்னல் வழியே இந்தக் காட்சியைப் பார்த்துக் கொண்டிருக்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உண்டாகிற ஆனந்தம் அளவற்றது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். பஞ்ச காலத்தில் அந்தத் தீனியால் உயிர் பிழைத்த அணில்களும் உண்டு. ஆயினும் ஒரே பலகையில் ஒரு நாளில் பல அணில்கள் மாறி மாறி உட்காருகின்றன. உட்கார்ந்த இடத்திலேயே எச்சமிடுகின்றன. ஒன்று முகர்ந்து வேண்டாமென்று போட்ட கொட்டையை இன்னொன்று எடுத்துக் கடிக்கிறது. காட்டில் ஒன்றையொன்று வாரக் கணக்கில் சந்திக்காத பிராணிகள், பெட்டியின் மூலமாக நாள்தோறும் ஒன்றின் குடலிலுள்ளதை மற்றொன்றுக்குக் கொடுத்து வாங்குகின்றன. அம்மைக் கிருமிக்கும் இதுவே வசதியான சந்திப்பு ஸ்தலம்.

ஆதலால் செவ்வணில் பாதுகாப்புச் சங்கங்கள் இப்பொழுது கண்டிப்பாகச் சில விதிகளைச் சொல்லி வருகின்றன. பெட்டியை அடிக்கடி கழற்றி, ஒட்டிய அழுக்கைத் தேய்த்தெடுத்து, வைரஸைக் கொல்லும் வீரியமுள்ள கிருமிநாசினியில் நனைத்து, நன்றாக அலம்பி உலர்த்தி மாட்ட வேண்டும். ஒரே இடத்தில் பல பெட்டிகளைக் குவிக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் நோயுற்ற அணில் தென்பட்டதென்றால் அன்றைக்கே பெட்டியை இறக்கிவிட்டு, வாரக் கணக்கில் தீனி போடாமல் இருக்க வேண்டும். கூண்டில் வளர்க்கிறவர்கள் சுண்டெலி நுழையாதபடி கூண்டை அமைப்பதும், வெளியே விடுவதற்கு முன் எச்சத்தைப் பரிசோதிப்பதும் அவசியம் என்று ஆராய்ச்சியாளர்கள் வற்புறுத்துகிறார்கள். இவற்றில் கடைசியாகச் சொன்ன நியதி எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. பரிசோதியாமல் ஓர் அணிலை வேறொரு காட்டுக்குக் கொண்டு போவது, அந்தக் காட்டில் முன்பே இருக்கிற அணில்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

குடலைத் தாக்கும் வைரஸ் இது ஒன்றே அன்று. ஸ்காட்லாந்துச் செவ்வணில்களிடத்தில் ரோட்டா வைரஸும் காணப்பட்டிருக்கிறது. ரோட்டா நம் நாட்டுத் தாய்மார்களுக்குப் பழக்கமான பெயர். சிசுக்களின் கடுமையான பேதிக்கு அதன் ஒரு வகை முக்கிய காரணம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ககன்தீப் காங்கும் அவருடைய சகாக்களும் அதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து வந்தார்கள். இந்தியாவில் உருவான ரோட்டாத் தடுப்பு மருந்து பரீட்சிக்கப்பட்ட மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் அரசாங்கமே குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்து வருகிறது. குழந்தையை அழைத்து வந்து வாயில் சொட்டு விடலாம். அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொல்லலாம். மரத்தின் உச்சியில் கூடு கட்டி வாழ்கிற ஒரு காட்டுப் பிராணியை எப்படி வரச் சொல்வது? அம்மைக்காவது ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு தடுப்பு மருந்து காணும் முயற்சி நடந்தது. அணிலின் அடினோ வைரஸுக்குத் தடுப்பு மருந்து எதுவும் பயன்பாட்டில் இல்லை; தொற்றிய பிறகு கொடுத்துக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

இந்த நிலைமையில், எத்தனை அணில்கள் இந்த வியாதியால் இறக்கின்றன என்று திட்டமாய் அறிவதற்கு ஒரே வழி, இறந்து கிடக்கும் உடல்கள் தவறாமல் பரிசோதனைச் சாலைக்குப் போய்ச் சேருவதுதான். வண்டியில் அடிபட்டதை எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. புண்ணோடு கிடப்பதை அனுப்புகிறவர்களும் உண்டு. காயமே இல்லாமல் கிடப்பதைத்தான், வயது முதிர்ந்து செத்தது போலும் என்று எண்ணி, குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். அது மரியாதையான செய்கையே. ஆனால் அதனுடன் சாட்சியமும் புதைந்து போகிறது. பிரிட்டனிலோ ஐரோப்பாவின் வேறு பகுதிகளிலோ குடியேறி வாழ்கிற நம்மவர்கள் இப்போது அநேகர். அவர்களுடைய தோட்டத்து மரத்தடியில் ஒரு செவ்வணில் காயமின்றி இறந்து கிடக்கக் கண்டால், வெறுங்கையால் தொடாமல், உறையிட்ட கையால் எடுத்து, இரட்டைப் பையில் இட்டு, கண்ட இடத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, குடல் அழுகுவதற்கு முன் அன்றைக்கே அந்தப் பிரதேசத்துச் செவ்வணில் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக் கொள்கிறேன். மரத்தில் தீனிப் பெட்டி மாட்டியிருந்தால் அதையும் அன்றைக்கே இறக்கிக் கழுவ வேண்டும்.